அட்டாச்மென்ட் திறக்கவில்லையா? புள்ளிக்குப் பின்னால் பாருங்கள்

பதிப்பகத்துக்கு வரும் கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் முதலில் என் மேசைக்குத்தான் மெயிலில் வந்து சேரும். நாவல், கட்டுரைத் தொகுப்பு, அட்டைக்கான படம், ஆசிரியரின் புகைப்படம், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஸ்கேன் என எல்லாமே அட்டாச்மென்ட்தான். அவற்றில் திறக்க மறுப்பவை எப்போதும் சில இருக்கும். "ஏம்மா, அனுப்பி ஒரு வாரமாச்சே, படிச்சுப் பார்த்தியா?" என்று ஒரு மூத்த எழுத்தாளர் போனில் கேட்கும்போது, "ஃபைல் திறக்கலை ஐயா" என்று மட்டும் சொன்னால் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அதே ஃபைலை அதே மாதிரி மறுபடி அனுப்பிவைப்பார். அது மறுபடியும் திறக்காது.

அதனால் எங்கே கோளாறு என்று நாமே ஓரளவு கண்டுபிடித்துக்கொண்டு அப்புறம் பேசுவதுதான் நல்லது. எந்த வரிசையில் பார்ப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஃபைல் திறக்கவில்லை என்றதும் 'எந்த ஃபைலையும் திறக்கும்' என்று விளம்பரம் செய்யும் ஏதோ ஒரு செயலியைத் தேடி இறக்கி நிறுவாதீர்கள். திறக்காத ஃபைலால் ஒரு நாள் வேலை கெடலாம். முன்பின் தெரியாத செயலி உங்கள் மொத்தக் கணினியையும் கெடுத்துவிடும்.

முதலில் பெயரின் கடைசி எழுத்துகள்

ஃபைலின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். அதுதான் எக்ஸ்டென்ஷன். பிடிஎஃப், டாக்எக்ஸ், ஜேபிஜி என்று ஏதாவது இருக்கும். விண்டோஸ் இதைத் தானாகவே மறைத்து வைத்திருக்கும். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, அதற்குள் ஷோ, அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். மேக்கில் ஃபைண்டர் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் இதே வசதி இருக்கிறது. போனில் ஃபைல்ஸ் செயலியில் அந்த ஃபைலின் விவரத்தைத் திறந்தால் முழுப் பெயரும் தெரியும்.

இதை முதல் வேலையாகச் சொல்வதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். எக்ஸ்டென்ஷன் மறைந்திருக்கும்போது 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்' என்று தெரிவது உண்மையில் 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' ஆக இருக்கலாம். அது ஆவணமே அல்ல, ஓடத் தயாராக இருக்கும் புரோகிராம். இஎக்ஸ்இ, ஜேஎஸ், பேட், ஐஎஸ்ஓ என்று முடிந்தால் திறக்கும் முயற்சியை அங்கேயே விட்டுவிடுங்கள். எச்டிஎம்எல் என்று முடியும் அட்டாச்மென்டிலும் கவனம் தேவை. திறந்ததும் உங்கள் மெயில் பாஸ்வேர்டைக் கேட்கும் பக்கம் வந்தால் அது பாஸ்வேர்டு திருடும் வேலை. எதிர்பாராமல் வந்த அட்டாச்மென்ட் என்றால், அனுப்பியவரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த மெயிலுக்கே பதில் போட்டுக் கேட்காதீர்கள். அவருடைய மெயில் கணக்கே பறிபோயிருந்தால் பதில் சொல்வதும் அந்தத் திருடன்தான்.

இதனால்தான் ஜிமெயில் சில வகை ஃபைல்களை அனுப்பவும் விடாது, வாங்கவும் விடாது. ஜிப்புக்குள், அதாவது ஃபைல்களைச் சுருக்கிக் கட்டும் பொதிக்குள் வைத்து அனுப்பினாலும் தடுத்துவிடும். 'பாதுகாப்புக் காரணமாகத் தடுக்கப்பட்டது' என்று வந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடாமல், வேறு வடிவத்தில் அனுப்பச் சொல்வதே சரி.

அடுத்து, ஃபைலின் அளவு

ஒரு நாவலின் வேர்டு ஃபைல் 0 கேபி என்று காட்டினால் அதில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். எந்தச் செயலியாலும் அதைத் திறக்க முடியாது. படங்களோடு கூடிய 200 பக்கப் புத்தகம் 12 கேபிதான் என்றாலும் சந்தேகப்படுங்கள். மெயிலில் அட்டாச்மென்ட் பக்கத்தில் ஒரு அளவு எழுதியிருக்கும். இறக்கிய ஃபைலின் அளவையும் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இறக்கியது மிகச் சிறியதாக இருந்தால் டவுன்லோடு பாதியில் நின்றிருக்கிறது. குரோமில் 'சிஆர்டவுன்லோடு' என்றோ ஃபயர்ஃபாக்ஸில் 'பார்ட்' என்றோ பெயர் முடிந்தால் இன்னும் இறங்கி முடியவில்லை. அதை நீக்கிவிட்டுப் புதிதாக இறக்குங்கள். கணினியில் இடம் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

மின்னஞ்சல் ஆரம்பத்தில் வெறும் எழுத்துகளைக் கொண்டுபோகத்தான் உருவானது. படமும் மற்ற ஃபைல்களும் அதில் பயணிக்க வழிசெய்த மைம் என்ற தரம் 1992இல் வந்தது. இன்றும் பொதுவாக அட்டாச்மென்ட்டை எழுத்துகளாக மாற்றித்தான் மெயில் அனுப்புகிறது. 3 பைட் என்பது 4 எழுத்தாக மாறும். அதனால் 20 எம்பி ஃபைல் வழியில் ஏறக்குறைய 27 எம்பி ஆகிவிடும். "லிமிட்டுக்குள்ளதானே இருக்கு, ஏன் திரும்பி வருது?" என்று பலர் கேட்பதற்கு விடை இதுதான்.

ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் போனால் ஃபைல் கூகுள் டிரைவில் ஏறிக்கொள்ளும். நமக்கு வருவது லிங்க் மட்டும்தான். அதை அழுத்தினால் 'அனுமதி தேவை' என்று வரும். இங்கே ஃபைலில் கோளாறே இல்லை. அனுப்பியவர் அனுமதி கொடுக்காமல் விட்டிருப்பார். இல்லையென்றால், அவர் உங்கள் அலுவலக முகவரிக்கு அனுமதி கொடுத்திருப்பார், உங்கள் பிரவுசரில் சொந்தக் கணக்கு திறந்திருக்கும். கணக்கை மாற்றிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

இறக்கி வைத்துத் திறங்கள்

மெயிலுக்குள்ளேயே அட்டாச்மென்ட்டை அழுத்தித் திறக்கும் பழக்கத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை வராது. மெயில் செயலி காட்டும் முன்னோட்டத்துக்கு எல்லா வகை ஃபைலும் தெரியாது. கணினியில் அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அழுத்தித் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் அது ஒரு தற்காலிக ஃபோல்டரில் போட்டு வைக்கும். அதில் ஒரே பெயருள்ள ஃபைல்கள் நிறையச் சேர்ந்துவிட்டால் 'ஃபைலை உருவாக்க முடியவில்லை' என்று மறுக்கும். எனக்கு வருவதில் பாதி 'நாவல்.டாக்எக்ஸ்', மீதி 'கதை.டாக்எக்ஸ்' என்பதால் இது எனக்கு நன்றாகவே பழகிய பிழைச் செய்தி. கன்டென்ட்.அவுட்லுக் என்ற அந்த ஃபோல்டரைக் காலி செய்தால் போதும். ஆனால் காலி செய்யும் முன் உள்ளே பாருங்கள். அட்டாச்மென்ட்டை நேரடியாகத் திறந்து திருத்தி சேவ் செய்தவர்களின் திருத்தங்கள் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும்.

இறக்கிய வேர்டு ஃபைலைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை வந்தால் பயப்பட வேண்டாம். இணையத்திலிருந்து வந்த ஃபைல் என்பதால் படிக்க மட்டும் விட்டிருக்கிறது. தெரிந்தவர் அனுப்பியதுதான் என்றால் 'எனேபிள் எடிட்டிங்' அழுத்தலாம். மேக்ரோ, அதாவது ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன புரோகிராம், தடுக்கப்பட்டது என்று சிவப்புப் பட்டை வந்தால் அது வேறு விஷயம். 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இணையத்திலிருந்து வரும் ஃபைல்களின் மேக்ரோக்களைத் தானாகவே தடுக்க ஆரம்பித்தது. ஒரு கதைக்கோ கடிதத்துக்கோ மேக்ரோ எதற்கு? அப்படியே மூடிவிட்டு அனுப்பியவரைக் கேளுங்கள்.

அடிக்கடி வரும் வகைகள்

வின்மெயில்.டாட். படத்தை அனுப்பினேன் என்பார், உங்களுக்கு வந்திருப்பது இந்தப் பெயரில் ஒரே ஒரு ஃபைல். அனுப்பியவர் அவுட்லுக்கில் 'ரிச் டெக்ஸ்ட்' வடிவத்தில் மெயில் எழுதியிருக்கிறார். அவருடைய எழுத்தலங்காரமும் அட்டாச்மென்ட்டும் சேர்த்து இந்த ஒரே பொதிக்குள் போய்விட்டன. உங்கள் பக்கம் செய்வதற்கு அதிகம் இல்லை. அவரை அவுட்லுக் ஆப்ஷன்ஸில் மெயில் பகுதிக்குப் போய், எழுதும் வடிவத்தை எச்டிஎம்எல் என்று மாற்றிவிட்டு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

ஹெச்இஐசி. ஐபோன் படம். ஐஓஎஸ் 11 வந்த 2017 முதல் ஐபோன் இந்த வடிவத்தில் படம் எடுக்கிறது. விண்டோஸில் திறக்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள 'ஹெச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' வேண்டும். அடிக்கடி அனுப்புகிறவர் என்றால் அவருடைய போனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வைக்கச் சொன்னால் இனி ஜேபிஜியாக வரும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பெயரில் ஹெச்இஐசியை அழித்துவிட்டு ஜேபிஜி என்று எழுதுவது. பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. அதேபோல் "ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க" என்றும் கேட்காதீர்கள். திரையில் அழகாகத் தெரியும் அது அச்சில் மங்கிப் பல்லிளிக்கும்.

பேஜஸ். மேக்கில் எழுதியது. ஆப்பிள் கணக்கு இருந்தால் ஐகிளவுட் தளத்தில் திறக்கலாம். இல்லையென்றால் அனுப்பியவரை ஃபைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட் டு' மூலம் வேர்டாக மாற்றித்தரச் சொல்ல வேண்டும்.

ஆர்ஏஆர், 7இசட். சுருக்கிக் கட்டிய ஃபைல்கள். 7-ஜிப் என்ற இலவசச் செயலி போதும். ஜிப்பைத் திறந்து உள்ளே இருப்பதை அப்படியே அழுத்தாமல், 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்து வெளியே எடுத்துவிட்டுத் திறங்கள்.

பி7எஸ். அது மெயிலின் டிஜிட்டல் கையொப்பம். திறக்கத் தேவையே இல்லை.

பிடிஎஃப் பாஸ்வேர்டு கேட்டால் மெயிலையே நிதானமாகப் படியுங்கள். பிறந்த தேதியா, பெயரின் முதல் எழுத்துகளா, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். சில படிவங்களைத் திறந்தால் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வந்து அப்படியே நிற்கும். எவ்வளவு காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. அது எக்ஸ்எஃப்ஏ என்ற பழைய வகைப் படிவம். பிரவுசரிலோ போனிலோ முட்டிக்கொள்ளாமல், கணினியில் இறக்கி அடோபி ரீடரில் திறங்கள்.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்புச் செயலியின் ஃபைல்கள் இன்னும் வருகின்றன. அதன் கடைசிப் பதிப்பு 7.0, 2001இல் வந்தது. அதற்குப் பதிலாக வந்த இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை அவற்றைத் திறந்தது, அதற்குப் பின் வந்தவை திறப்பதில்லை. லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள டிரா செயலி திறந்து காட்டும். பக்க அமைப்பு கலைந்துபோனாலும் எழுத்தையாவது மீட்கலாம்.

எக்ஸ்டென்ஷனே இல்லாவிட்டால்

'நோநேம்' என்றோ 'ஏடிடி00001' என்றோ வரும் ஃபைலை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். ரைட் கிளிக், 'ஓப்பன் வித்', நோட்பேட். 'எப்போதும் இதிலேயே திற' என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எதையும் சேவ் செய்யாதீர்கள். உள்ளே கண்டபடி குறிகள் ஓடும். அதைப் பார்த்து மிரள வேண்டாம், முதல் சில எழுத்துகள் மட்டும் போதும்.

சதவீதக் குறியும் அதையடுத்து பி, டி, எஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால் அது பிடிஎஃப். பி, கே என்று தொடங்கினால் ஜிப். இந்த இரண்டு எழுத்தும், ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸ் என்பவரின் பெயரின் முதலெழுத்துகள். டாக்எக்ஸும் எக்ஸ்எல்எஸ்எக்ஸும் உண்மையில் ஜிப்தான் என்பதால் அவையும் இப்படியே தொடங்கும். பி, என், ஜி முதல் வரியிலேயே தெரிந்தால் பிஎன்ஜி படம். என்ன வகை என்று தெரிந்ததும் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து அந்த எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தால் திறந்துவிடும். இங்கே பெயரைத் திருத்துவது சரி, ஏனென்றால் உள்ளே இருப்பதற்கு ஏற்ற பெயரைத்தான் கொடுக்கிறோம். முதல் வரியில் எச்டிஎம்எல் என்ற சொல் தெரிந்தால், ஃபைலுக்குப் பதிலாக ஏதோ ஒரு லாகின் பக்கம் இறங்கியிருக்கிறது. மெயிலில் சரியாக லாகின் செய்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

டாக்எக்ஸ் ஒரு ஜிப் என்பது ஆபத்துக்கு உதவும். கெட்டுப்போன வேர்டு ஃபைலுக்கு முதல் மருந்து, வேர்டின் ஓப்பன் பெட்டியில் ஃபைலைத் தேர்ந்து, ஓப்பன் பட்டன் பக்கத்தில் உள்ள அம்புக்குறியில் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்'. அது கைவிட்டால் லிப்ரே ஆஃபிஸிலோ கூகுள் டாக்ஸிலோ முயலுங்கள். வேர்டு மறுத்ததை அவை திறப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதுவும் இல்லையென்றால் ஒரு நகல் எடுத்து, நகலின் எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றிப் பிரியுங்கள். உள்ளே 'வேர்டு' ஃபோல்டரில் 'மீடியா' என்ற ஃபோல்டருக்குள் படங்கள் எல்லாம் இருக்கும். 'டாக்குமென்ட்.எக்ஸ்எம்எல்' என்ற ஃபைலில் எழுத்து இருக்கும். குறிகளுக்கு நடுவே சிதறிக் கிடந்தாலும் ஒருவரின் உழைப்பு அதில் பிழைத்துக் கிடக்கிறது. பொறுக்கி எடுக்கலாம்.

திறக்கிறது, ஆனால் தமிழ் தெரியவில்லை

தமிழில் எழுதுபவர்களுக்கு இது தனித் தலைவலி. இரண்டு விதமாக வரும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஃபைல். 'அம்மா' என்ற சொல் ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். ஃபைல் கெடவில்லை. அந்த எழுத்துரு உங்களிடம் இல்லை, அவ்வளவுதான். நிறுவினால் தமிழ் தெரிந்துவிடும். ஆனால் தேடவோ வேறு இடத்தில் ஒட்டவோ வேண்டுமானால், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது கட்டுரைக்குள் இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழாக உருமாறி உளறலாகிவிடும். அதனால் நான் இப்படிப்பட்டவர்களிடம் வேர்டோடு ஒரு பிடிஎஃப்பும் கேட்டு வாங்குவேன். எழுத்துரு பிடிஎஃப்புக்குள்ளேயே பதிந்து வந்தால் என் திரையிலும் சரியாகத் தெரியும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி சரிபார்க்கலாம்.

இரண்டாவது வகையில், ஆங்கில ஏ எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடும், அதையடுத்து வட்டத்துக்குள் ஆர் குறியும் திரும்பத் திரும்ப வரும். இது யூனிகோடு தமிழேதான், திறக்கும் செயலி அதை வேறு குறியீடு என்று நினைத்துப் படிக்கிறது. எக்ஸெலில் சிஎஸ்வி ஃபைலை, அதாவது கமாவால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியலை, இரட்டைக் கிளிக் செய்தால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். மூடிவிட்டு, வெற்றுப் பக்கத்தில் டேட்டா, 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' போய் அந்த ஃபைலைத் தேர்ந்து, 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யூடிஎஃப்-8 என்று வையுங்கள். தமிழ் தமிழாக வரும். கெட்ட உருவத்தோடு சேவ் மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஃபைலின் பெயர் தமிழில் இருப்பதும் சில நேரம் சிக்கல். யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'கி' என்ற ஓரெழுத்துக்கே 6 பைட் வேண்டும். பெயருக்கு 255 பைட்தான் என்று எல்லை வைத்திருக்கும் இடங்களில் நீண்ட தமிழ்த் தலைப்பு வெட்டுப்படலாம், அதோடு எக்ஸ்டென்ஷனும் போய்விடலாம். பழைய மெயில் செயலிகள் பெயரைக் கேள்விக்குறிகளாக்கிவிடுவதும் உண்டு. இறக்கியதும் சின்னதாக ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்து, சரியான எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துத் திறந்து பாருங்கள்.

அனுப்பியவரிடம் எப்படிக் கேட்பது

இவ்வளவு பார்த்தும் வழி பிறக்கவில்லை என்றால் எழுதுங்கள். ஆனால் விவரத்தோடு எழுதுங்கள். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ஐயா, வணக்கம். நேற்று நீங்கள் அனுப்பிய 'கதை.டாக்எக்ஸ்' ஃபைல் 0 கேபி என்று காட்டுகிறது. உங்கள் பக்கம் அனுப்பும்போது முழுவதும் ஏறவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் மெயிலில் 'சென்ட்' பகுதிக்குப் போய் அதே மெயிலில் உள்ள ஃபைலைத் திறந்து பார்க்க முடியுமா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். தன் கணினியில் இருக்கும் ஃபைலைத் திறந்துவிட்டு "இங்க நல்லாத்தானே திறக்குது" என்பார்கள். சென்ட் பகுதியில் இருப்பதுதான் உங்களுக்கு வந்தது. அங்கே திறந்தால் கோளாறு உங்கள் பக்கம், அங்கேயும் திறக்காவிட்டால் அனுப்பும்போதே கெட்டது. கணினியில் உள்ள ஃபைலை மூடிவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, புதிதாக ஒரு மெயில் தொடங்கி இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். வேர்டில் திறந்து வைத்தபடியே இணைப்பதும், ஒன்டிரைவ் போன்ற இடத்தில் இன்னும் ஏறி முடியாததை இணைப்பதும் பலரும் செய்வது.

அவருடைய கணினியில் உள்ளதும் திறக்கவில்லை என்றால் அவசரப்பட்டு எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்டிரைவிலோ டிரைவிலோ வைத்திருந்தால் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் முந்தைய பிரதி கிடைக்கும். வேர்டில் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட் போனால் 'ரிகவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ்' இருக்கிறது. சேவ் செய்யாமலே போனது அங்கே இருக்கக்கூடும். போன மாதம் நண்பருக்குப் படிக்க அனுப்பினாரா என்றும் கேளுங்கள். அந்த மெயிலில் உள்ள அட்டாச்மென்ட்டில் போன மாதம் வரை எழுதியதாவது முழுசாக இருக்கும்.